நிற்கிற இடம்

கல்யாண வீடியோ எடுப்பவனிடம் யாரும் குரோசாவாவைப் பற்றிக் கேட்பதில்லை. ஆல்பம் எத்தனை ஷீட், பென் டிரைவ் எப்போது கிடைக்கும், பந்தியை மறக்காமல் எடுத்துருவீங்கள்ல? கேள்வி அத்தோடு முடிந்துவிடும். நானாகச் சொன்னதும் இல்லை. சொன்னால் ஆர்டர் போய்விடுமோ என்ற பயம் ஒரு பக்கம், சொல்லிப் புரியவைக்க வேண்டுமே என்ற சோம்பல் இன்னொரு பக்கம். இப்போது கேமராவைப் பெரும்பாலும் மகன்தான் தூக்குகிறான். எனவே இனிச் சொல்லலாம். மேலூரிலிருந்து உசிலம்பட்டி வரைக்கும் நான் எடுத்த கல்யாணம், காதுகுத்து, சடங்கு, திருவிழா எல்லாவற்றிலும் ஒரு ஜப்பான்காரரின் கைவேலையைக் களவாண்டு சேர்த்திருக்கிறேன். அவர் அகிரா குரோசாவா. படம் 'ஏழு சாமுராய்'. 1954-இல் வந்தது. மூன்றரை மணி நேரத்துக்கு மூன்று நிமிஷம் குறைவாக ஓடும் கறுப்பு வெள்ளைப் படம்.

எண்பதுகளின் தொடக்கத்தில் மதுரை சிம்மக்கல் பக்கம் ஒரு ஸ்டுடியோவில் எடுபிடியாக இருந்தேன். டார்க் ரூமில் ஹைப்போ கரைப்பேன், பாஸ்போர்ட் போட்டோவுக்கு வருகிறவர்களுக்குச் சீப்பு எடுத்துக் கொடுப்பேன். முதலாளி ஊரில் இயங்கிய ஒரு பிலிம் சொசைட்டியில் உறுப்பினர். அந்தக் காலத்தில் நாடு முழுக்க பிலிம் சொசைட்டிகள் ஒரே மாதிரிதான் நடந்தன. பூனாவிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்திலிருந்தோ தூதரகங்களிடமிருந்தோ 16 எம்.எம். பிரதியை வரவழைத்து, கிடைக்கிற ஹாலில் திரை கட்டி ஓட்டுவார்கள். புரொஜக்டருக்கு ஸ்டெபிலைசரைச் சுமந்து போவது என் வேலை. டிக்கெட் கிடையாது, ஆனால் கரண்ட் ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டு ஸ்டெபிலைசர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும்.

அப்படி ஒரு நாள் 'ஏழு சாமுராய்' ஓடியது. திரைக்குக் கீழே ஓடிய ஆங்கிலம் எனக்கு எட்டவில்லை. ஒரு வரியை எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் அடுத்த வரி வந்துவிடும். கொஞ்ச நேரத்தில் எழுத்தை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் பார்க்க ஆரம்பித்தேன். பக்கத்தில் உசிலம்பட்டிப் பக்கத்து ரிட்டையர்டு வாத்தியார் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பாதிப் படத்தில் என் தொடையைத் தட்டி, "இது நம்ம பக்கத்து காவக்கூலிக் கதை தம்பி" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. அறுவடைக்குக் காத்திருந்து வந்து கொள்ளையடிக்கிற நாற்பது பேர், அவர்களைத் தடுக்கச் சோற்றுக்கு வேலைக்கு வருகிற ஏழு வாள்காரர்கள். ஊர்க்காரர்கள் தாங்கள் குதிரைவாலியைத் தின்றுகொண்டு வந்தவர்களுக்கு அரிசிச் சோறு போடுகிறார்கள். ஊர்க் காவல், குடிக் காவல், தானியமாக அளக்கிற காவல் கூலி எல்லாம் மதுரைச் சீமையின் பழைய ஏற்பாடுகள். சு. வெங்கடேசனின் 'காவல் கோட்டம்' அதைத்தான் ஆயிரம் பக்கத்தில் பேசுகிறது. அதிலிருந்து ஒரு பகுதியை எடுத்து வசந்தபாலன் 2012-இல் 'அரவான்' எடுத்தார். வாத்தியாருக்குக் கதை பிடிபட்டுவிட்டது. எனக்குப் பிடிபட்டது வேறு. அந்த ஊர்.

சாமுராய்கள் ஊருக்குள் வந்ததும் உடனே சண்டை வரும் என்று பார்த்தால் வரவில்லை. நடக்கிறார்கள். மூத்தவர் கம்பெய், தகாஷி ஷிமுரா நடித்தது, கையில் ஊரின் வரைபடத்தை வைத்துக்கொண்டு எல்லையைச் சுற்றி வருகிறார். மேற்கே வேலி அடைக்க வேண்டும். தெற்கே அறுப்பு முடிந்ததும் வயலில் தண்ணீரைக் கட்டிவிட வேண்டும், குதிரை இறங்காது. கிழக்கே ஓடைப் பாலத்தைப் பிரித்துவிட வேண்டும், பாலத்துக்கு அந்தப் பக்கமுள்ள மூன்று வீடுகளை மனசைக் கல்லாக்கிக்கொண்டு கைவிட வேண்டும். வடக்கே காட்டிலிருந்து இறங்குகிற பாதையை மட்டும் அடைப்பதில்லை. அந்த வழியாக ஒன்றிரண்டு குதிரைகளை உள்ளே விட்டு, மூங்கில் ஈட்டிகளால் வாசலை மூடிக்கொண்டு, வந்ததை முடிப்பது. இதையெல்லாம் வாயால் சொல்லிவிட்டுப் போகவில்லை, ஒவ்வொரு பக்கமாகக் காட்டுகிறார்கள். வேலி எழும்புகிறது, வயலில் தண்ணீர் ஏறுகிறது. கம்பெய் ஒரு தாளில் கொள்ளையரை வட்டம் வட்டமாகப் போட்டு வைத்துக்கொண்டு, ஆள் சாகச் சாக அடித்துக்கொண்டே வருகிறார்.

கடைசியில் மழைக்குள் அந்தப் பெரிய சண்டை வரும்போது, ஒரு குதிரை எந்தப் பக்கமிருந்து நுழைகிறது, இன்னும் எத்தனை பாக்கி, ஓடுகிறவன் எங்கே போய்ச் சேருவான் என்பதெல்லாம் எனக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. ஒரு வரி வசனம் படிக்காமல் தெரிந்திருந்தது. நம் படங்களில் அடியாட்கள் எங்கிருந்தோ முளைத்துக்கொண்டே இருப்பார்கள். கதாநாயகன் சுழன்று சுழன்று அடிப்பான். அந்த இடத்துக்குக் கிழக்கு எது, வாசல் எது என்று யாருக்கும் கவலை இருக்காது. பயம் வராததற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன். எந்தப் பக்கம் ஓடித் தப்பலாம் என்று தெரிந்தால்தானே, அந்தப் பக்கம் அடைபட்டால் நெஞ்சு பதறும்?

முதலில் களவாண்டது இதைத்தான். தனியாக ஆர்டர் எடுக்க ஆரம்பித்தபின், முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மண்டபம் காலியாக இருக்கிற நேரமாகப் பார்த்துப் போய் நடப்பேன். மணமகள் அறைக் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, பந்திக்கு இறங்குகிற படி எங்கே, நாயனக்காரர்கள் எங்கே உட்காருவார்கள், காலை ஏழு மணிக்கு எந்த ஜன்னலில் வெயில் விழும், எந்தத் தூண் எதை மறைக்கும். லைட் பாய்கள் சிரிப்பார்கள். "அண்ணே வாஸ்து பார்க்குறாரு." சிரிக்கட்டும். மறுநாள் மாப்பிள்ளை அழைப்பு வாசலில் வந்து நிற்கும்போது எல்லாக் கேமராக்காரனும் முன்னால் பாய்வான், நான் அந்தக் கூட்டம் வந்து சேரப்போகிற இடத்தில் ஏற்கெனவே நின்றுகொண்டிருப்பேன்.

இரண்டாவது, ஆட்களை அவர் நிறுத்துகிற விதம். விவசாயிகள் ஊர் நடுவே குந்தியிருக்கிற காட்சி ஒன்று ஆரம்பத்திலேயே வரும். மேலே இருந்து பார்த்தால் முதுகும் தலையும் ஒன்றோடொன்று ஒட்டிய ஒரே கும்பல். அதில் தனி மனிதனைப் பிரித்து எடுக்க முடியாது. சாமுராய்கள் வந்தபின் பாருங்கள், ஒவ்வொருவருக்கும் நடுவே காற்று போகிற இடைவெளி இருக்கும். வாளே உலகம் என்றிருக்கிற கியூஸோ எப்போதும் ஓரம். தொஷிரோ மிஃபூனே நடித்த கிகுசியோ எந்தக் கூட்டத்திலும் முழுதாகச் சேர மாட்டான். பிறப்பால் விவசாயி மகன், வேஷத்தால் சாமுராய். இன்னொரு சாமுராய் ஹெய்ஹாசி தைக்கிற கொடியிலேயே இது வந்துவிடுகிறது. ஆறு வட்டம், ஒரு முக்கோணம், கீழே ஊரைக் குறிக்கும் ஓர் எழுத்து. முக்கோணம் கிகுசியோ. குரோசாவா சினிமாவுக்கு வருமுன் ஓவியராக ஆசைப்பட்டவர். 1928-இல் அவருடைய ஓவியம் ஒன்று ஜப்பானின் பெரிய கண்காட்சி ஒன்றில் தேர்வாகியிருக்கிறது. சட்டத்துக்குள் யாரை யாருக்குப் பக்கத்தில் வைப்பது என்று அவர் யோசித்திருப்பது ஒவ்வொரு காட்சியிலும் தெரியும்.

கல்யாண மண்டபத்தில் இதைவிடப் பெரிய படம் ஓடுகிறது. தாய்மாமன் மேடைக்கு எவ்வளவு பக்கத்தில் நிற்கிறார் என்பதை வைத்தே சீர் விஷயத்தில் மனக்கசப்பு உண்டா இல்லையா என்று சொல்லிவிடலாம். வரப்புத் தகராறில் பேச்சை விட்ட பங்காளிகள் ஒருவருக்கொருவர் கண்ணில் படாமல் மண்டபம் முழுக்க நகர்ந்துகொண்டே இருப்பார்கள். மொய் எழுதுகிற மேசையைச் சுற்றி ஒரு கூட்டம், பாத்திரப் பண்டங்களை எண்ணிப் பார்க்கும் பெண்கள் ஒரு கூட்டம். இரண்டு வீட்டாரும் ஒன்றாக நிற்பது குரூப் போட்டோ எடுக்கும்போது மட்டும்தான். நாம் 'கொஞ்சம் நெருங்கி நில்லுங்க' என்று சொல்கிற வரைக்கும் அவர்கள் நிற்கிற விதத்தில் ஒரு குடும்பத்தின் சரித்திரம் முழுக்க இருக்கும். சொன்னதும் அழிந்துவிடும். நான் சொல்வதைக் குறைத்துக்கொண்டேன்.

மூன்றாவதுதான் என்னால் இன்னும் செரிக்க முடியாதது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன்.

'ஏழு சாமுராய்' படத்தில் ஒளிப்பதிவாளர் அசகாசு நகாயும் குரோசாவாவும் சண்டைக் காட்சிகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கேமராக்களை ஒரே நேரத்தில் ஓடவிட்டார்கள். மழையிலும் சேற்றிலும் குதிரை என்ன செய்யும், யார் விழுவார்கள் என்று திட்டம்போட முடியாது, திரும்ப எடுக்கவும் முடியாது. அதனால் ஒரு கேமரா முறையான இடத்தில், இன்னொன்று முக்கியமான கணங்களைப் பாய்ந்து பிடிக்க, மூன்றாவது கண்டபடி சுற்றித் திரிய. பல கேமராக்கள் தூரத்திலிருந்து நீள லென்ஸ் வழியாகப் பார்த்தன. நீள லென்ஸ் தூரத்தை மடித்துவிடும். முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் ஒன்றின் மேல் ஒன்று ஒட்டிக்கொள்ளும். குதிரையின் நெஞ்சு, மூங்கில் ஈட்டிகள், விவசாயியின் முகம், மழை எல்லாம் ஒரே திரைச்சீலையில் அப்பியதுபோல் வரும். கேமரா தூரத்தில் இருப்பதால் நடிப்பவர்களுக்கும் அது இருக்கிற நினைப்பே போய்விடும்.

எங்கள் தோளில் ஏறிய வி.எச்.எஸ். கேமராவில் ஜூம் இருந்தது. எல்லோரும் அதை முன்னும் பின்னும் ஓட்டுவதற்குத்தான் வைத்திருந்தார்கள். தாலியில் தொடங்கிப் பின்னால் வந்து மறுபடி தாலிக்கே போவார்கள். பார்க்கிறவர்களுக்குத் தலை சுற்றும். நான் ஜூமைக் கடைசி வரைக்கும் தள்ளி அப்படியே நிறுத்திவிட்டு, நான் பின்னால் போனேன். அந்தத் தூரத்தில் கை ஆடினால் படமே ஆடும் என்பதால் ஸ்டாண்டு தூக்கிக்கொண்டு போனேன். கல்யாணத்துக்கு ஸ்டாண்டு கொண்டுவருகிற ஆள் என்று ஊருக்குள் ஒரு பேர் வந்தது.

வாடிப்பட்டிப் பக்கம் ஒரு கல்யாணம். பெண்ணுக்கு அப்பா இல்லை. சித்தப்பாவும் சித்தியும் மணவறையில் நின்று தாரை வார்த்துக் கொடுத்தார்கள். முகூர்த்த நேரத்தில் அம்மா எங்கே என்று எனக்குத் தெரியும், முந்தின நாள் நடந்து பார்த்தவன் ஆயிற்றே. மேடைக்குப் பின்பக்கம் ஓரமாக மணமகள் அறை. அந்தக் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். முன்னால் வரவும் இல்லை, உள்ளே போகவும் இல்லை. அவரை எடுக்கும்படி எனக்கு யாரும் சொல்லவில்லை. எடுக்க வேண்டியவர்களின் பட்டியல் ஒன்று மாப்பிள்ளையின் மாமா கையில் இருந்தது, அதில் அவர் இல்லை.

நான் மண்டபத்து வாசலுக்குப் போய்விட்டேன். அங்கிருந்து ஜூமின் கடைசி எல்லையில் பார்த்தால், மேடையில் குனிந்திருக்கிற பெண்ணின் முகமும், அவளுக்குப் பின்னால் பதினைந்தடி தள்ளிக் கதவோரம் நிற்கிற அம்மாவின் முகமும் ஒன்றாக வந்து ஒட்டிக்கொண்டன. மகளின் தோளுக்குப் பின்னாலேயே அம்மா நின்று தாலி கட்டுவதைப் பார்க்கிற மாதிரி. கெட்டிமேளம், அட்சதை, அம்மாவின் உதடு அசைவது எல்லாம் கிடைத்தது. வெட்டாமல் அப்படியே வைத்தேன்.

கேசட் போன சில நாளில் அந்தப் பெண்ணே ஸ்டுடியோவுக்கு வந்தாள். "அண்ணே, அந்த எடத்துல அம்மா எனக்குப் பின்னாடியே நின்னுருக்காங்கண்ணே. எனக்குத் தெரியவே இல்லைண்ணே. அதை மட்டும் ஒரு போட்டோவா போட்டுத் தர முடியுமா?" போட்டுக் கொடுத்தேன். அந்த வீட்டுக் கூடத்தில் வெகுநாள் அது மாட்டியிருந்ததாகக் கேள்விப்பட்டேன். அதன்பின் அந்தப் பக்கத்து ஆர்டர்கள் எனக்கு நிறைய வந்தன.

அம்மா பின்னாடி நிற்கவில்லை. பதினைந்தடி தள்ளித்தான் நின்றார், நிறுத்தப்பட்டிருந்தார். அந்தப் பதினைந்தடியை என் லென்ஸ் மடித்துப் பையில் போட்டுக்கொண்டது. மகளுக்கு ஆறுதல், எனக்குப் பேர், ஆர்டர். விதவை என்று அவரை ஓரமாக நிறுத்திய கூட்டத்துக்கும் சங்கடமில்லை, ஏனென்றால் வீடியோவில் அப்படி ஒன்று நடந்ததாகவே தெரியாது. இதை நினைத்து நான் வருத்தப்பட வேண்டுமா, பெருமைப்பட வேண்டுமா என்று இன்றைக்கும் தீர்க்க முடியவில்லை.

குரோசாவா இந்த இடத்தில் என்ன செய்வார் என்று தெரிந்திருப்பதுதான் கூடுதல் தொந்தரவு. நீள லென்ஸில் நெருக்கிக் காட்டியதை அவர் இன்னொரு ஷாட்டில் விரித்தும் காட்டிவிடுவார். படத்தின் முடிவில் நடவு நடக்கிறது. கொட்டும் குழலும் வாசிக்க, பெண்கள் வரிசையாகக் குனிந்து நாற்று நடுகிறார்கள். அந்தச் சண்டையில் ஒன்றாக மழையில் நனைந்து ஒரே சட்டத்தில் அப்பிக்கிடந்தவர்கள்தான் எல்லோரும். இப்போது உயிரோடிருக்கிற மூன்று சாமுராய்கள் ஒரு பக்கம், ஊர் இன்னொரு பக்கம். சாமுராய்களில் சின்னவனோடு பழகிய பெண் அவனைக் கடந்து வயலுக்குப் போய்விடுகிறாள். கேமரா மேலே ஏறினால் மேட்டில் நான்கு மண்மேடுகள், உச்சியில் குத்திய வாள்கள். ஜெயித்தது நாமல்ல, அவர்கள்தான் என்று கம்பெய் சொல்வதாக வாத்தியார் எனக்கு விளக்கினார். விளக்காமலே தெரிந்தது. யாருக்கும் யாருக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பதை அவர் அளந்து காட்டிவிட்டார்.

என் அம்மா சோழவந்தான் பக்கம் நடவுக்குப் போனவர். பேரணையில் தண்ணீர் திறந்ததும் கொத்துக் கொத்தாகப் பெண்கள் இறங்குவார்கள், முதல் நாற்று வைக்கும்போது குலவை போடுவார்கள். நான் வரப்பில் உட்கார்ந்து முதுகுகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எது அம்மா முதுகு என்று சேலை நிறத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அந்தத் தூரத்திலிருந்து ஒருத்தன் அதைப் படம் பிடித்திருக்கிறான் என்பதை, ஸ்டெபிலைசர் முள்ளைப் பார்க்க மறந்து, வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முகத்துக்குப் போகாமலே அவ்வளவு சொல்ல முடியும் என்று அன்றுதான் தெரிந்தது. தெரிந்தும் வாடிப்பட்டியில் அந்த விரிந்த ஷாட்டை நான் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் காசு கொடுத்தவர்கள் வெட்டச் சொல்லியிருப்பார்கள். அது காரணமா, சாக்கா என்பதை உங்கள் முடிவுக்கே விடுகிறேன்.

மற்ற களவுகள் சில்லறை. குரோசாவா ஒரு காட்சியிலிருந்து இன்னொன்றுக்குப் போக, ஒரு கோடு திரையைத் துடைத்துக்கொண்டே போகிற மாதிரி 'வைப்' போடுவார். எங்கள் மிக்சிங் யூனிட்டிலும் வைப் உண்டு. ஆனால் அதில் இதயம் விரியும், ரோஜா சுற்றும், நட்சத்திரம் வெடிக்கும். நான் நேர்க்கோட்டை மட்டும் போட்டுக் கொடுத்தபோது ஒரு மாப்பிள்ளை, "அண்ணே, கிராபிக்ஸ் ஒண்ணும் போடலையா? காசு குறைச்சுக்குங்க" என்றார். மறுபடி உட்கார்ந்து இதயம் போட்டுக் கொடுத்தேன். ஸ்லோமோஷனும் அப்படித்தான். ஏழு சாமுராயில் குழந்தையைப் பிடித்து வைத்திருக்கிற திருடனைக் கம்பெய் வெட்டியதும், அவன் குடிசையை விட்டு வெளியே வந்து சரிவது மட்டும் மெதுவாக நடக்கும். சுற்றி நிற்கும் ஊர் அதே நேரத்தில் சாதாரண வேகத்தில் இருக்கும். சில விநாடிதான். எங்கள் ஊரில் பூ விழுந்தால் மெது, மாலை அசைந்தால் மெது, மாப்பிள்ளை திரும்பினால் மெது. சாவுக்கு மிச்சம் வைக்காமல் எல்லாவற்றையும் செலவழித்துவிட்டோம்.

இந்தப் படத்தின் செலவு எகிறிப்போய் தோஹோ கம்பெனி படப்பிடிப்பை நிறுத்தியதும், குரோசாவா அலட்டிக்கொள்ளாமல் மீன்பிடிக்கப் போய்விட்டதும் சினிமாக்காரர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிற கதை. போட்ட பணத்தைக் கம்பெனி விட்டுவிடாது என்று அவருக்குத் தெரியும். பாக்கிப் பணம் வந்தால்தான் கேசட் என்கிற எங்கள் தொழில் தர்மத்துக்கு அவர் தூரத்துச் சொந்தம்.

நம் சினிமா அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது வேறொன்று. எஸ். பாலச்சந்தரின் 'அந்த நாள்' 1954 ஏப்ரலில் வந்தது, ஏழு சாமுராய் ஜப்பானில் வெளியான அதே மாதம். குரோசாவாவின் 'ராஷோமோன்' பார்த்த உந்துதலில் பிறந்த படம் அது. ஒரு கொலையை ஆளாளுக்கு ஒரு மாதிரி சொல்வது. ஐம்பது வருஷம் கழித்து 2004-இல் கமல்ஹாசன் அதே முறையை மதுரைப் பக்கத்து மண்ணில் 'விருமாண்டி'யாக ஊன்றினார். இரண்டுமே எனக்குப் பிடிக்கும். ஆனாலும் நம்மவர்கள் எடுத்துக்கொண்டது அவர் கதை சொன்ன முறையை. அவர் பார்த்த விதத்தை எடுத்துக்கொண்டவர்கள் குறைவு. குரோசாவாதான் குரு என்று வெளிப்படையாகச் சொல்கிற மிஷ்கினிடம் அது கொஞ்சம் உண்டு. ஆட்களை எங்கே நிறுத்துவது என்று மெனக்கெடுகிறவர்.

ராஷோமோனிலிருந்து எனக்குக் கிடைத்தது ஒரு மழை வித்தை. வெளிறிய வானத்துக்கு முன்னால் மழை படத்தில் தெரியாது. அதனால் அந்தக் கோட்டை வாசல் காட்சியில் குழாய்த் தண்ணீரில் கறுப்பு மை கலந்து அடித்தார்கள். ஐப்பசி முகூர்த்தத்தில் மழை கொட்டும்போது நான் மை கலக்க முடியாது. ஆனால் பின்னால் இருட்டு வருகிற மாதிரி நிற்க முடியும். புளியமரம், திறந்த மண்டபக் கதவு, கறுத்த மதில் எது கிடைத்தாலும் அதற்கு எதிரே. சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்குகிற அன்றும் அதே கணக்குத்தான். தோல்பையில் தண்ணீர் பீய்ச்சுகிறவர்களைக் கிழக்கே பார்த்து எடுத்தால், வெயில் ஏறும்போது ஒவ்வொரு துளியும் தனியாகத் தெரியும். மேற்கே பார்த்து எடுத்தால் வெறும் ஈரச் சட்டைகள். லட்சக்கணக்கானவர்கள் தலைக்கு மேல் தங்கக் குதிரை ஆடி ஆடி வருவதை ஆழ்வார்புரத்துக் கரையில் தூரத்தில் நின்று நீள லென்ஸில் பார்த்தவர்களுக்கு, குரோசாவா ஏன் குதிரைகளை அப்படி எடுத்தார் என்று சொல்லத் தேவையில்லை. அழகர் நகர்வதே தெரியாது, கூட்டம்தான் நகரும்.

மூன்று கேமரா முறையைப் பாலமேட்டு ஜல்லிக்கட்டில் செய்து பார்த்தேன், கேபிள் டிவிக்காரர்களுக்காக, மாட்டுப் பொங்கல் அன்று. மஞ்சமலை ஆற்றுத் திடலில் வாடிவாசலுக்கு நேர் எதிரே, எட்ட, நான். பக்கவாட்டில் கேலரி மேல் ஒரு பையன். மாடு வெளியேறுகிற பக்கம் என் மச்சான், கையில் கேமராவோடு, இஷ்டத்துக்கு. நேரே பார்க்கிற கேமராவில் காளை வாசலை விட்டு வரும்போது தலை மட்டும் பெரிதாகிக்கொண்டே போகும், இரண்டு பக்கமும் காத்திருக்கிற வீரர்கள் அதன் திமிலிலேயே ஒட்டியிருப்பது போல் இருக்கும். பக்கவாட்டுக் கேமராவுக்கு மாற்றினால்தான் காளைக்கும் ஆளுக்கும் நடுவே எவ்வளவு இடம் இருந்தது, யார் நிஜமாகப் பாய்ந்தான், யார் பாய்கிற மாதிரி நின்றான் என்பது வெளிச்சமாகும். நின்று விளையாடுகிற மாடாக இருந்தால் இன்னும் விசேஷம். அது ஒரு சுற்று சுற்றினதும் திடல் காலியாகிவிடும், புழுதிக்குள் மாடு மட்டும் நிற்கும். அன்று சிறப்பாக அமைந்தவை மச்சான் குத்துமதிப்பாக எடுத்தவை என்பதை இங்கே பதிவு செய்வது நியாயம்.

2014-இல் உச்ச நீதிமன்றத் தடை, 2017 போராட்டத்துக்குப்பின் மறுபடி வாடிவாசல் திறந்தது எல்லாம் ஊரறிந்த கதை. இப்போது அலங்காநல்லூரை டிவியில் நேரலையில் காட்டுகிறார்கள், பக்கத்துக் கீழக்கரையில் 2024-இல் தனி அரங்கமே கட்டித் திறந்தாகிவிட்டது. எண்ண முடியாத கேமராக்கள். நாள் முழுக்கப் பார்க்கிறேன். மாடு கடைசியில் எந்தப் பக்கம் போய்ச் சேர்கிறது என்பது மட்டும் எனக்குத் தெரிந்தபாடில்லை.

மகன் ட்ரோன் வாங்கிவிட்டான். வாங்கித் தந்தது நான்தான். "நீ முந்தின நாள் போய் நடந்து பார்க்குறதெல்லாம் எதுக்குப்பா? ஏத்திவிட்டா மண்டபம், ரோடு, கம்மாய் எல்லாம் ஒரே பார்வையில வந்துருது" என்கிறான். மேலிருந்து பார்த்தால் யார் எங்கே நிற்கிறார் என்று தெரியும், யார் யாரைப் பார்க்கிறார் என்று தெரியாதேடா என்று சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை. போன வாரம் அவனை உட்காரவைத்து ஏழு சாமுராய் போட்டேன். முதல் காட்சியில் கொள்ளையர்கள் குதிரையோடு மேட்டில் நின்று கீழே ஊரைப் பார்க்கிறார்கள். நிறுத்தினேன். "பார்த்தியா, மேல இருந்து ஊரைப் பார்க்குறவன் யாரு? கொள்ளைக்காரன். உன் ட்ரோனு அங்கதான் நிக்குது" என்றேன். வெகுநாளாக யோசித்து வைத்திருந்த வாதம்.

அவன் ரிமோட்டை வாங்கிக் கொஞ்சம் ஓட்டினான். விவசாயிகள் ஊர் நடுவே குந்தியிருக்கிற காட்சி வந்தது. நிறுத்தினான்.

"இதுவும் மேல இருந்துதானப்பா எடுத்துருக்காரு. இங்க எந்தக் கொள்ளைக்காரன் பார்க்குறான்?"

பதில் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அடுத்த முகூர்த்தம் திருமங்கலத்தில். அவன் ட்ரோனைச் சார்ஜில் போட்டிருக்கிறான், நான் ஸ்டாண்டின் கழன்ற திருகை மாற்றக் கொடுத்திருக்கிறேன்.